தாக்குண்ட நாட்டில் ஒருமைப்பாடும் உள்நாட்டு அமைதியும்: பின்லாந்து கற்பிக்கும் பாடம்

வெளிப்பகைவன் வாசலில் வந்து நிற்கும்போது வீட்டுக்குள் இருக்கும் சண்டை தானே ஓய்ந்துவிடும் என்பது பொதுவாக நிலவும் கருத்து. நாடுகளைப் பற்றியும் இவ்வாறே எண்ணப்படுகிறது. பகைவரின் படையெடுப்பு மக்களை ஒன்றுபடுத்தும். எனவே ஒற்றுமைக்கென்று தனியே உழைக்க வேண்டியதில்லை. அபாயம் வரும்போது ஒற்றுமையும் கூடவே வரும் என்று அரசியல்வாதிகளும் பிரசங்கிமாரும் கூறுவதைக் கேட்கிறோம். இக்கருத்து எந்த அளவுக்கு உண்மை? வரலாற்றை உற்று நோக்கினால் இதற்கு மாறான சான்றுகளே மிகுதியாகக் கிடைக்கின்றன. உள்ளே விரிசல் கண்ட வீட்டைப் புயல் இறுக்கிக் கட்டுவதில்லை. விரிசலைப் பெரிதாக்கி வீட்டைச் சாய்த்துவிடுகிறது.

எனினும், தாக்கப்பட்ட வேளையில் பிளவுபடாமல் நின்ற நாடுகளும் உள. அவை எவ்வாறு நின்றன, அவ்வொற்றுமையில் உண்மையானது எது, பொய்யானது எது, அதில் திருச்சபையின் பங்கு யாது என்பவற்றை ஆராய்வது பயனுடையதாகும். இதற்கு எடுத்துக்காட்டாக வடஐரோப்பிய நாடான பின்லாந்தை எடுத்துக்கொள்வோம். மக்களில் மிகப் பெரும்பான்மையோர் லுத்தரன் திருச்சபையைச் சேர்ந்த அந்நாடு, 1918ஆம் ஆண்டில் உள்நாட்டுப் போரால் இரண்டாகப் பிளந்தது. அதே நாடு 21 ஆண்டுகளுக்குப்பின், 1939ஆம் ஆண்டில், தன்னைவிடப் பன்மடங்கு வலிமை வாய்ந்த சோவியத் ஒன்றியத்தின் படையெடுப்பை ஒரே மக்களாய் எதிர்கொண்டது. இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடையே நடந்தது என்ன என்பதே நம் கேள்வி.

1. 1918ஆம் ஆண்டின் காயம்

பின்லாந்து நூறாண்டுகளுக்கும் மேலாக ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்து, 1917 டிசம்பர் 6ஆம் நாள் விடுதலையை அறிவித்துக்கொண்டது. விடுதலை கிடைத்த இரண்டு மாதங்களுக்குள், 1918 ஜனவரி இறுதியில், உள்நாட்டுப் போர் மூண்டது. ஒருபுறம் தொழிலாளரும் நிலமற்ற குத்தகைக் குடியானவர்களும் பெரும்பான்மையாகக் கொண்ட செவ்வணி. மறுபுறம் நிலமுடையோர், நடுத்தர வகுப்பார், படித்தோர் ஆகியோரைக் கொண்ட வெண் அணி. தளபதி மன்னர்ஹைம் தலைமையிலான வெண் அணி, ஜெர்மன் படையின் உதவியும் பெற்று, மே மாத நடுவில் வெற்றி கண்டது.

ஏறத்தாழ 31 இலட்சம் மக்களே வாழ்ந்த அந்நாட்டில், இப்போரிலும் அதன் விளைவுகளிலும் மாண்டோர் 36,000 பேருக்கும் அதிகமாவர். இவர்களுள் போர்க்களத்தில் மடிந்தோர் ஒரு பகுதியினரே. இரு அணியினரும் எதிரணியினரை விசாரணையின்றிக் கொன்றனர். வெற்றி பெற்ற வெண் அணியினர் கொன்றோரின் தொகை பன்மடங்கு பெரிது. போர் முடிந்தபின் ஏறத்தாழ 80,000 பேர் சிறைமுகாம்களில் அடைக்கப்பட்டனர். அங்கே பசியாலும் நோயாலும் 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

இதில் திருச்சபை எங்கே நின்றது? வருத்தத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டிய உண்மை என்னவெனில், குருமார்களில் மிகப் பெரும்பாலோர் வெண் அணியின் பக்கமே நின்றனர். குருமார் சிலர் செவ்வணியினரால் கொல்லப்பட்டதும் இதற்கு ஒரு காரணம். எனினும், வெண் அணியின் வெற்றியைத் தேவ நீதியின் வெற்றி என்று பிரசங்கபீடத்திலிருந்து புகழ்ந்த சபை, முகாமில் மடிந்த தொழிலாளியின் விதவைக்குச் சொல்ல ஒரு வார்த்தையும் இன்றி நின்றது. செவ்வணியினர் பலர் திருச்சபையின் கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே, காடுகளிலும் மணற்குழிகளிலும், மொத்தமாகப் புதைக்கப்பட்டனர். அவர்களுடைய குடும்பத்தார் வெளிப்படையாகத் துக்கம் கொண்டாடவும் இயலவில்லை. ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகளுள் சிலருக்கு மலர்வளையமும், சிலருக்கு மறதியும் என்று சபையே பங்கிட்டுக் கொடுத்த காலம் அது.

2. இருபத்தோராண்டுப் பணி

இத்தகைய நாடு மீண்டும் ஒன்றுபடும் என்று எவரும் எதிர்பார்த்திருக்க இயலாது. ஆயினும் ஒரு சிறிய தொடக்கத்தை நாம் இங்குக் குறிப்பிட வேண்டும். 1918 மே 5ஆம் நாள், போரின் புகை அடங்குமுன்னரே, வடபகுதியிலுள்ள நிவாலா என்னும் ஊரின் ஆலயத்தில் கியோஸ்தி கல்லியோ என்னும் விவசாயி பேசினார். அவர் வெற்றி பெற்ற அணியைச் சேர்ந்தவர், பாராளுமன்ற உறுப்பினர், ஆழ்ந்த இறைப்பற்றுள்ளவர். செவ்வணியினர், வெண் அணியினர் என்ற பிரிவே இல்லாத ஒரு பின்லாந்தை நாம் உருவாக்க வேண்டும் என்பதே அவர் பேச்சின் சாரம். இதே கல்லியோதான் 1937 முதல் 1940 வரை நாட்டின் குடியரசுத் தலைவராயிருந்தார்.

கல்லியோவின் சிறப்பு, நல்லெண்ணம் பேசியதோடு நின்றுவிடாமையே. செவ்வணியில் சேர்ந்தோரில் பலர் நிலப்பசியாலேயே சேர்ந்தனர் என்பதை அவர் அறிந்திருந்தார். 1918ஆம் ஆண்டின் இறுதியிலேயே, குத்தகைக் குடியானவர்கள் தாங்கள் உழுத நிலத்தை விலைக்கு வாங்கிச் சொந்தமாக்கிக்கொள்ள வழிசெய்யும் சட்டம் நிறைவேறியது. 1922ஆம் ஆண்டில், நிலமே இல்லாதோருக்கும் நிலம் கிடைக்கச் செய்த மற்றொரு சட்டம் வந்தது. இன்றளவும் அது கல்லியோவின் பெயராலேயே வழங்கப்படுகிறது. இதன் பயனாக, தோற்ற அணியின் பிள்ளைகள் பல்லாயிரவர் சொந்த மண்ணில் வீடு கட்டினர். தனக்கென்று ஒரு காணி நிலமுமில்லாத மனிதனிடம் நாட்டைக் காக்க வா என்று அழைப்பதில் பொருள் குறைவு. நிலம் பெற்றவனுக்கோ அவ்வழைப்பு தன் வீட்டைப் பற்றியது.

இரண்டாவதாக, மன்னிப்பு. முதற் குடியரசுத் தலைவரான ஸ்டோல்பெர்க் (1919–1925) சட்ட அறிஞர். வெற்றி பெற்றோரில் பலர் முகம் சுளித்தும், அவர் சிறைப்பட்டோருக்குப் படிப்படியாக மன்னிப்பு வழங்கி வந்தார். மூன்றாவதாக, வாக்குரிமை. போர் முடிந்து ஓராண்டும் ஆகாத 1919 மார்ச்சில் நடந்த பொதுத்தேர்தலில், தோற்ற அணியின் கட்சியான சமூக ஜனநாயகக் கட்சி போட்டியிட்டு, 200 இடங்களுள் 80 இடங்களைப் பெற்றது. ஆயுதத்தால் தோற்றவர்கள் வாக்குச்சீட்டால் மீண்டும் சபைக்குள் வந்தமர்ந்தனர். 1926ஆம் ஆண்டு டிசம்பரில் அக்கட்சியின் தலைவர்களுள் ஒருவரான வைனோ தன்னர் பிரதம மந்திரியானார். மறு ஆண்டு மே 16ஆம் நாள், வெண் அணியின் வெற்றி நாளில் நடைபெற்ற படை அணிவகுப்பின் மரியாதையை, குடியரசுத் தலைவருக்குப் பதிலாக அவரே ஏற்க நேர்ந்தது. இரு தரப்பாருக்கும் அது கசப்பான காட்சியாக இருந்திருக்கும். ஆயினும் அது நடைபெற்றது.

நான்காவதாக, மொழி. அக்காலத்தில் பின்லாந்தில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் ஸ்வீடிஷ் மொழி பேசுவோராயிருந்தார். 1919ஆம் ஆண்டின் அரசியலமைப்பு பின்னிய மொழி, ஸ்வீடிஷ் மொழி ஆகிய இரண்டையும் தேசிய மொழிகளாக அறிவித்தது. இதனால் மொழிப்பூசல் ஒழிந்துவிடவில்லை. 1930களில் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் அது கடுமையாகவே இருந்தது. ஆயினும், சிறுபான்மையினர் தாம் விரும்பப்படாத விருந்தாளிகள் அல்லர் என்பதைச் சட்டம் உறுதி செய்தது.

ஐந்தாவதாக, வென்றோரின் வரம்பு மீறலுக்கும் தடை இடப்பட்டது. 1929ஆம் ஆண்டு தொடங்கிய லாபுவா இயக்கம் என்னும் வலதுசாரி இயக்கம் தொழிலாளர் தலைவர்களைக் கடத்தியது, அடித்தது. முன்னாள் குடியரசுத் தலைவரான ஸ்டோல்பெர்க்கையே 1930ஆம் ஆண்டில் கடத்தியது. 1932ஆம் ஆண்டில் மன்ட்சாலா என்னுமிடத்தில் ஆயுதம் ஏந்தி அரசை மிரட்டியது. அப்போது குடியரசுத் தலைவராயிருந்த ஸ்வின்ஹுவுட், வெண் அணியின் முன்னைய தலைவர்களுள் ஒருவர். கிளர்ச்சி செய்தவர்கள் அவர் தம் பக்கம் நிற்பார் என்று நம்பினர். அவரோ வானொலியில் பேசி, வீடு திரும்புமாறு கட்டளையிட்டார். கிளர்ச்சி அடங்கியது. சட்டம் தோற்றவனுக்கு மட்டுமன்று, வென்றவனுக்கும் உண்டு என்பது அன்று வெளிப்பட்டது.

இப்பணி குறைவற்றது அன்று. பொதுவுடைமைக் கட்சியினர் இக்காலம் முழுவதும் ஒடுக்கப்பட்டனர். 1930ஆம் ஆண்டின் சட்டங்கள் அவர்களுடைய செயற்பாட்டை முற்றிலும் தடை செய்தன. ஆயினும் 1937 மார்ச்சில், விவசாயிகளின் கட்சியும் சமூக ஜனநாயகக் கட்சியும் ஒரே அமைச்சரவையில் அமர்ந்தன. அவ்வாண்டிலேயே தேசிய ஓய்வூதியச் சட்டமும் நிறைவேறியது. பத்தொன்பது ஆண்டுகளுக்குமுன் துப்பாக்கியோடு எதிரெதிரே நின்றவர்கள் ஒரே மேசையில் வரவுசெலவுத் திட்டம் எழுதினர்.

3. பகைவனின் கணக்கு

1939 ஆகஸ்டு 23ஆம் நாள் ஜெர்மனியும் சோவியத் ஒன்றியமும் செய்துகொண்ட உடன்படிக்கையின் இரகசியப் பகுதி, பின்லாந்தைச் சோவியத் செல்வாக்கிற்கு விட்டுக்கொடுத்தது. நிலப்பரிமாற்றம் குறித்த பேச்சுவார்த்தைகள் முறிந்தபின், நவம்பர் 30ஆம் நாள் சோவியத் படை எல்லையைக் கடந்தது. அன்றே ஹெல்சிங்கி மீது குண்டுகள் விழுந்தன. அந்நகரில் ஏறத்தாழ நூறு பேர் மாண்டனர்.

மறுநாள், எல்லையோர ஊரான தெரியோக்கியில் 'மக்கள் அரசு' ஒன்று அறிவிக்கப்பட்டது. அதன் தலைவர் ஓட்டோ கூசினென், 1918ஆம் ஆண்டின் செவ்வணி அரசில் இடம்பெற்று, தோல்விக்குப்பின் மாஸ்கோவில் வாழ்ந்தவர். சோவியத் ஒன்றியம் இவ்வரசையே பின்லாந்தின் உண்மையான அரசாக ஏற்று, அதனோடு டிசம்பர் 2ஆம் நாள் உடன்படிக்கையும் செய்துகொண்டது. தான் பின்லாந்தோடு போர் புரியவே இல்லை என்றும் உலகுக்குக் கூறியது.

இக்கணக்கின் பொருளை நாம் உணர வேண்டும். பின்லாந்தின் தொழிலாளர் 1918ஆம் ஆண்டை மறந்திருக்கமாட்டார்கள். தம் தந்தையரைக் கொன்ற அரசுக்காக அவர்கள் சாகமாட்டார்கள். பழைய செவ்வணித் தலைவர் ஒருவர் கொடி உயர்த்தினால் அவர் பின்னே திரளுவார்கள் என்பதே அக்கணக்கு. இது முற்றிலும் மூடத்தனமான கணக்கு என்று கூற இயலாது. 1918ஆம் ஆண்டின் பின்லாந்தைப் பொறுத்தமட்டில் அது சரியாகவே இருந்திருக்கும். இருபத்தோராண்டுகளில் நடந்த மாற்றத்தை அது எண்ணவில்லை. அதுவே அதன் பிழை.

தொழிலாளர் எழவில்லை. தெரியோக்கி அரசுக்கு நாட்டுக்குள் ஆதரவு கிடைக்கவில்லை. ஸ்டாக்ஹோமில் தங்கியிருந்த பின்லாந்துப் பொதுவுடைமைக் கட்சியின் பொதுச்செயலாளரான ஆர்வோ துவோமினெனே அவ்வரசில் பதவி ஏற்க மறுத்துவிட்டார். ஸ்டாலினின் களையெடுப்பில், சோவியத் நாட்டில் தஞ்சம் புகுந்த பின்னியத் தொழிலாளர் பலர் மாண்ட செய்தியும் இதற்கு ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், அச்சம் மட்டுமே ஒரு மக்களை 105 நாள் பனியிலும் உறைகுளிரிலும் நிற்கச் செய்யாது. காக்கத்தக்கது ஒன்று தம் கையில் இருப்பதாக அவர்கள் உணர்ந்தனர்.

போர் நடக்கும்போதே ஒப்புரவின் பணி நிறைவை நோக்கி நகர்ந்தது என்பது கவனிக்கத்தக்கது. 1940 ஜனவரி 23ஆம் நாள், முதலாளிகளின் மத்திய அமைப்பு தொழிற்சங்கங்களின் மத்திய அமைப்பைச் சமமான பேச்சாளராக முதன்முறை ஏற்றது. பிப்ரவரியில், தொழிலாளரின் கண்ணில் வெண் அணியின் கையாகவே தோன்றிய காவற்படையில் சமூக ஜனநாயகக் கட்சியினர் சேருவதற்கு இருந்த தடை இரு தரப்பிலும் நீங்கியது. நாட்டைக் காப்பதற்கென்று உரிமைகளை ஒத்திவைக்குமாறு கேட்பதே அரசுகளின் வழக்கம். இங்கோ ஆபத்தின் வேளையிலேயே நெடுநாள் மறுக்கப்பட்ட உரிமை வழங்கப்பட்டது.

4. கல்லறைத் தோட்டத்தில் நிகழ்ந்த மாற்றம்

குளிர்காலப் போர் 1940 மார்ச் 13ஆம் நாள் முடிந்தது. பின்லாந்து ஏறத்தாழ 26,000 பேரை இழந்தது. தன் நிலப்பரப்பில் சுமார் பத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தது. எனினும் விடுதலையை இழக்கவில்லை.

இப்போரில் ஒரு புதிய வழக்கம் தோன்றியது. வீழ்ந்த வீரர்களின் உடல்கள் போர்க்களத்தில் புதைக்கப்படாமல், இயன்றவரை அவரவர் சொந்தச் சபைக்குக் கொண்டுவரப்பட்டு, ஆலயத்தை அடுத்த கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டன. மரணச் செய்தியை வீட்டுக்குக் கொண்டு செல்லும் கடமை ஊரின் போதகருக்கே வந்தது. 1918ஆம் ஆண்டில் தொழிலாளர் குடியிருப்புகளுக்குள் அந்நியராயிருந்த போதகர்கள் இப்போது அதே வீடுகளின் கதவைத் தட்டி, அதே தாய்மாரோடு உட்கார்ந்து அழ வேண்டியவராயினர். செவ்வணித் தந்தையின் மகனும் வெண் அணித் தந்தையின் மகனும் பதவி வேறுபாடின்றி ஒரே வரிசையில் கிடத்தப்பட்டனர். அவ்வரிசைகளைப் பின்லாந்தின் ஆலயங்களருகே இன்றும் காணலாம்.

1940ஆம் ஆண்டு வசந்த காலத்தில் தளபதி மன்னர்ஹைம் வேறொரு முடிவை அறிவித்தார். 1918ஆம் ஆண்டின் வெற்றியைக் கொண்டாடும் மே 16ஆம் நாள் அணிவகுப்பு இனி இல்லை. அதற்குப் பதிலாக மே மாதத்தின் மூன்றாம் ஞாயிறு வீழ்ந்தோரை நினைவுகூரும் நாளாக அமையும். குளிர்காலப் போரில் வீழ்ந்தோரோடு, 1918ஆம் ஆண்டில் தம் கொள்கைக்காக இரு அணியிலும் மாண்டோரையும் சேர்த்தே அந்நாளில் நினைவுகூர வேண்டும். அவ்வாறே மே 19ஆம் நாள் ஆலயங்களில் ஆராதனை நடைபெற்றது. வெற்றி பெற்ற தளபதியே தன் வெற்றி விழாவைக் கைவிட்டு, அதைத் துக்க நாளாக மாற்றினார். ஒப்புரவுக்கு வென்றவன் செலுத்த வேண்டிய விலை இன்னது என்பதை இதைவிடத் தெளிவாகக் கூறுவது அரிது.

விட்டுக்கொடுத்த கரேலியப் பகுதியிலிருந்து வெளியேறிய நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களின் நிலையும் இங்கு நோக்கத்தக்கது. நாட்டின் மக்கள்தொகையில் அவர்கள் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கினர். அவர்களை அகதி முகாம்களில் ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கவில்லை. 1940ஆம் ஆண்டிலும் பின்னர் 1945ஆம் ஆண்டிலும் நிறைவேறிய சட்டங்களால், அரசு, திருச்சபை, தொழில் நிறுவனங்கள், தனி நிலக்கிழார்கள் ஆகியோரின் நிலத்திலிருந்து பங்கு பிரித்து அவர்களுக்கு வழங்கப்பட்டது. வந்தவர்களை எல்லா ஊராரும் மகிழ்ச்சியோடு ஏற்றனர் என்று எண்ணலாகாது. ஏளனமும் உரசலும் இருந்தன. அவர்களுள் வைதீகத் திருச்சபையைச் சேர்ந்தோர் ரஷ்யர் என்று இகழப்பட்டனர். எனினும் ஒற்றுமை என்னும் சொல் இங்கே வயலாகவும் வீட்டுமனையாகவும் அளந்து கொடுக்கப்பட்டது.

5. ஒற்றுமையின் இருண்ட பக்கம்

இதுவரை கூறியதோடு நிறுத்தினால் நாம் உண்மையில் பாதியையே கூறியவராவோம். பின்லாந்து மக்கள் இவ்வொற்றுமையைக் 'குளிர்காலப் போரின் ஆவி' என்று அழைத்தனர். எல்லா ஆவிகளையும் நம்பாமல் அவை தேவனால் உண்டானவையோ என்று சோதித்தறியும்படி அப்போஸ்தலர் நமக்குக் கற்பித்திருக்கிறார். இந்த ஆவியையும் நாம் சோதிக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

1941 ஜூனில் பின்லாந்து ஜெர்மனியின் பக்கம் நின்று மீண்டும் போரில் இறங்கியது. இழந்த நிலத்தை மீட்டதோடு நில்லாமல், பழைய எல்லைக்கு அப்பாலும் சென்று கிழக்குக் கரேலியாவைக் கைப்பற்றியது. அங்கே ரஷ்ய இனத்தவர் பலர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் ஏறத்தாழ 4,000 பேர் பசியாலும் நோயாலும் மாண்டனர். சிறைப்பிடிக்கப்பட்ட சோவியத் வீரர் ஏறத்தாழ 64,000 பேருள் 19,000 பேரளவில் இறந்தனர். போரை எதிர்த்த இடதுசாரிப் பாராளுமன்ற உறுப்பினர் அறுவர் 1941ஆம் ஆண்டில் சிறையிடப்பட்டனர். 1942 நவம்பரில், தஞ்சம் புகுந்த யூதர் எட்டுப் பேர் ஜெர்மானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவரே உயிர் தப்பினார். அமைச்சரவைக்குள்ளே சமூக நல அமைச்சர் பாகர்ஹோல்ம் போன்றோர் எதிர்த்துக் குரல் கொடுத்தனர். 2000ஆம் ஆண்டில்தான் பிரதம மந்திரி லிப்போனென் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டார்.

நாம் ஒன்று என்னும் உணர்வு, நம்மைச் சாராதவன் மனிதனல்லன் என்னும் உணர்வாக எவ்வளவு எளிதில் மாறுகிறது என்பதை இந்நிகழ்ச்சிகள் காட்டுகின்றன. ஒற்றுமைக்காகப் பேணப்பட்ட மௌனத்துக்கும் ஒரு விலை உண்டு. 1918ஆம் ஆண்டின் சிறைமுகாம்கள் குறித்து வெளிப்படையாகப் பேசுவது நெடுங்காலம் அரிதாகவே இருந்தது. 1959 முதல் 1962 வரை மூன்று பாகங்களாக வெளிவந்த வைனோ லின்னாவின் நாவலே, தோற்ற அணியின் குத்தகைக் குடும்பம் ஒன்றின் கதையைக் கூறி, நாடு முழுவதையும் அதுபற்றிப் பேச வைத்தது. ஒரே வரிசையில் அடக்கம் செய்ததால் மட்டும் உண்மை சொல்லப்பட்டுவிடுவதில்லை. காயத்தை மேலோட்டமாகக் கட்டிவிட்டுச் சமாதானம் என்று கூறியோரை எரேமியா கண்டித்ததை நாம் மறத்தலாகாது.

6. நெகேமியாவின் மதில்

இவ்வரலாற்றை மனத்தில் கொண்டு நெகேமியாவின் புத்தகத்தை வாசித்தால் ஒரு புதிய வெளிச்சம் கிடைக்கிறது. நான்காம் அதிகாரத்தில் எருசலேமின் மதில் பகைவரின் மிரட்டலுக்கு நடுவே எழும்புகிறது. ஒரு கையால் வேலை செய்து மறு கையில் ஆயுதம் பிடித்த மக்களைப் பற்றி நாம் பலமுறை பிரசங்கித்திருக்கிறோம். ஆனால் அடுத்து வரும் ஐந்தாம் அதிகாரத்தை அவ்வளவாக எடுப்பதில்லை. அதில் வரும் கூக்குரல் பகைவருக்கு எதிரானது அன்று. தம் சகோதரருக்கே எதிரானது. நிலங்களையும் திராட்சத்தோட்டங்களையும் அடகு வைத்து, பிள்ளைகளை அடிமைகளாக விற்கும் நிலைக்கு வந்த ஏழைகளின் கூக்குரல் அது.

நெகேமியா என்ன செய்தார்? பகைவன் வெளியே இருக்கிறான், இது உள்விவகாரம் பேசும் வேளை அன்று என்று அவர் கூறவில்லை. கூக்குரலிட்டவர்களைத் துரோகிகள் என்றும் அழைக்கவில்லை. பெரியோரையும் அதிகாரிகளையும் கடிந்துகொண்டு, சபை கூட்டி, நிலத்தையும் வட்டியையும் அன்றே திருப்பிக் கொடுக்கச் செய்தார். தானும் தன் வீட்டாரும் கடன் கொடுத்தவர்கள் என்பதையும் மறைக்கவில்லை. அதிபதிக்குரிய படியைப் பன்னிரண்டு ஆண்டுகள் தான் வாங்காததையும் குறிப்பிடுகிறார். மதிலில் ஒரு திறப்பு கற்களுக்கிடையே மட்டுமன்று, கடன்பட்டவனுக்கும் கடன் கொடுத்தவனுக்கும் இடையேயும் இருந்தது என்பதை அவர் கண்டார். இரண்டையும் அடைத்தாலன்றி நகரம் நிற்காது.

பின்லாந்தின் வரலாற்றிலிருந்தும் இத்திருமறைப் பகுதியிலிருந்தும் நான்கு உண்மைகள் நமக்குத் தெளிவாகின்றன.

முதலாவது, தாக்குதலின் வேளை ஒற்றுமையை உருவாக்குவதில்லை. முன்னரே உருவானதை வெளிப்படுத்துகிறது. 1939ஆம் ஆண்டின் ஒற்றுமை 1918, 1919, 1922 ஆகிய ஆண்டுகளில் விதைக்கப்பட்டது.

இரண்டாவது, நீதியின்றி ஒருமைப்பாடு இல்லை. நிலமும் வாக்கும் மொழியும் மறுக்கப்பட்டவனிடம் தேசபக்தியைப் போதிப்பது, பசித்தவனிடம் சமாதானத்தோடே போ என்று சொல்லி வெறுங்கையாய் அனுப்புவதற்கு ஒப்பாகும்.

மூன்றாவது, ஒப்புரவின் முதல் அடியை எடுத்துவைக்க வேண்டியவன் வலியவன். வென்றவன் தன் விழாவையும், நிலமுடையவன் தன் நிலத்தையும், முதலாளி தன் பிடிவாதத்தையும் விட்டுக்கொடுத்தபோதே அமைதி பிறந்தது. தோற்றவனிடம் மறந்துவிடு என்று சொல்வது ஒப்புரவு ஆகாது.

நான்காவது, ஒருமைப்பாடு வேறு, ஒரே அச்சில் வார்ப்பது வேறு. மாற்றுக்கருத்தைச் சிறையிடுவதும், தஞ்சம் புகுந்தவனைக் கைவிடுவதும், எதிரியின் மக்களைப் பட்டினியிடுவதும் ஒற்றுமையைக் காப்பதாகாது. அவை அதன் உள்ளுயிரைக் கெடுக்கின்றன.

7. திருச்சபையின் கடமை

திருச்சபை இவற்றில் எங்கே நிற்கிறது? பின்லாந்துத் திருச்சபை 1918ஆம் ஆண்டில் ஓர் அணியின் சபையாயிருந்தது. 1940ஆம் ஆண்டில் துயருற்ற மக்கள் அனைவரின் சபையாகும் வாய்ப்பைப் பெற்றது. போர்முனையில் தொழிலாளரோடு ஒரே பதுங்குகுழியில் வாழ்ந்த படைக்குருமார் பலர், போருக்குப்பின் தொழிற்சாலைப் பகுதிகளிலும் சமூகப் பணியிலும் சபையை ஈடுபடுத்த முனைந்தனர். தாம் அதுவரை அறியாதிருந்த தம் சொந்த மக்களை அவர்கள் அங்கேதான் சந்தித்தனர். ஆனால் அதே சபை 1941ஆம் ஆண்டின் போரைச் சிலுவைப்போர் என்று புகழ்ந்த குரல்களையும் தன்னுள் கொண்டிருந்தது. நாட்டோடு சேர்ந்து அழுவதற்கும் நாட்டை ஆராதிப்பதற்கும் இடையே உள்ள எல்லை மெல்லியது. சபை அதை எப்போதும் அறிந்து நடந்ததில்லை.

நம் சபைகளும் இவ்வரலாற்றின்முன் தம்மைச் சோதித்தறிதல் நன்று. கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கொரு பகுதி ஒதுக்கி, நடுவே சுவரும் எழுப்பிய சபைகள் நம்மிடையே உண்டு. மரித்தோரையே பிரித்து வைக்கும் சபை, உயிரோடிருப்போரை ஒன்றுபடுத்துவோம் என்று நாட்டுக்கு எவ்வாறு போதிக்கும்? நாட்டின் ஒருமைப்பாட்டுக்காக ஜெபிக்கும் ஞாயிற்றுக்கிழமைகள் நமக்கு உண்டு. அவ்வாறு ஜெபிக்கும்போது, நம் சொந்த மதிலில் எந்த இடத்தில் கல் இல்லை என்பதையும் பார்த்தல் வேண்டும்.

நிவாலா ஆலயத்தில் கல்லியோ பேசிய நாளில், பதினான்கு வாரப் போரின் இரத்தம் உலராதிருந்தது, சிறைமுகாம்கள் நிரம்பிக்கொண்டிருந்தன, அவர் பேச்சைக் கேட்டோரில் எத்தனை பேர் அதை ஏற்றனர் என்று எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. அவர் விதைத்த சொல் சட்டமாகி, நிலமாகி, இறுதியில் ஆலயத்தருகே ஒரே வரிசைக் கல்லறைகளாகி வெளிப்பட இருபத்திரண்டு ஆண்டுகள் சென்றன. சமாதானம் பண்ணுகிறவர்களின் பணி இத்தகையது. தாக்குதல் வந்தபின் அதைத் தொடங்கக் காலம் போதாது. அமைதியான நாட்களில், எவரும் கேளாதபோதே, அதைத் தொடங்குவது நம்மேல் விழுந்த கடமையாகும்.